துக்க வருஷத்துக் கேக்

ராயபுரம்
9 ஜூன் 2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ஜூடிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா, சளி பிடித்ததா என்று எழுது.

ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று மதர் பெனிட்டா சொன்னபோது அம்மா எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டு நின்றாள். உன்னை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டாள், "வருஷம் பூராவுமாடி?" என்று.

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. பதினைந்து நாளாக வீடு முழுக்க ஊதாக் கட்டம் போட்ட துணிதான். எனக்கு வருஷத்திலேயே பிடித்த வேலை இதுதான் என்று உனக்குத் தெரியும். புதுத் துணியின் கஞ்சி வாசனை, கத்தரி ஓடும்போது வருகிற சத்தம், காலருக்குள் கேன்வாஸ் வைத்துத் திருப்பினால் முனை கூர்மையாக வந்து நிற்பது. காஜாவும் பொத்தானும் அம்மா பொறுப்பு. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் காஜா எடுக்கிறாள், ஒன்றுகூடக் கோணுவதில்லை.

வெயிலில் மாவு அரை மணியில் உப்பிவிடுகிறது. நேற்று ரஸ்க்குக்கு ரொட்டி போட்டேன். ஓவனில் வைத்த நேரம் பார்த்து ஹார்பருக்கு வரிசையாகக் கன்டெய்னர் லாரி. வீடே அதிர்ந்து ரொட்டி நடுவில் அமுங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மங்கை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பள்ளத்துல மீன் வளக்கப் போறியா?" என்றாள். அவள் வீட்டுக்காரருக்கு மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் சும்மா இருக்கிறார். அதனால் அவளுக்கு வாய் நீண்டிருக்கிறது. ஓவன் வேலை கற்றுக்கொடு என்று தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இந்தத் தடவை நீ மடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். அப்பாவுக்காக நீ பாதியில் வந்தது போதும். கீழே அம்மா தன் கையால் சிலுவை போட்டிருக்கிறாள்.

அன்புடன்
ரோசி

✝


நவகன்னியர் இல்லம், சிறுமலை அடிவாரம்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவுக்குப் படியேறும்போது மூச்சு வாங்குகிறதா? எனக்குத் தெரியாமல் எதையும் ஒளிக்காதே.

இங்கே நாங்கள் எட்டுப் பேர். நான்தான் மூத்தவள். சமையல் எனக்கு வந்திருக்கிறது. சாணி மெழுகிய பழைய ரொட்டி அடுப்பு ஒன்று பின்கட்டில் சும்மா கிடந்தது. விறகு போட்டுச் சூடேற்றி, கரியை வாரிவிட்டு, உள்ளே கையை நீட்டிப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் பன் வைக்கலாம். முதல் தடவை கருகியது. இரண்டாம் தடவை மதர் மூன்று பன் சாப்பிட்டார். மாவு பிசையும்போது எனக்குச் செபத்தில்கூட வராத அமைதி வருகிறது. இதை மதரிடம் சொல்லவில்லை.

பீடத் துணிகளின் ஓரத்தையெல்லாம் பிரித்து மறுபடி தைக்கிறேன். நீ கற்றுக்கொடுத்த மறைதையல்தான்.

அடுத்த மே முப்பத்தொன்றாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு, அன்றுதான் கன்னியாஸ்திரியாக வாக்குக் கொடுப்பேன். எனக்கு வயது முப்பதை நெருங்கியும் இரண்டாம் தடவை சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும் அக்கா. இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். சிலுவையைப் பார்த்தேன், முத்தம் கொடுத்தேன்.

உன்
ஜூடி


ராயபுரம்
22 ஆகஸ்டு 2024

மதிப்புக்குரிய மதர் பெனிட்டா அவர்களுக்கு,

ராயபுரம் ஜூடியின் அக்கா ரோசி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் இல்லத்தில் உள்ள எல்லாரும் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

எங்கள் அம்மா சென்ற சனிக்கிழமை, பதினேழாம் தேதி, இறந்துவிட்டார். மார்வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் இருந்தார். ஞாயிறு மாலை காசிமேடு கல்லறையில் அடக்கம் முடிந்தது.

ஜூடிக்கு நான் தெரிவிக்கவில்லை. வார்த்தைப்பாடு முடியும்வரை தாங்களும் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்கவே இந்தக் கடிதம். அப்பா படுத்தபோது ஒரு வாரம் என்று வந்தவள்தான், நான்கு வருஷம் திரும்பவில்லை. ஜூடியை ரயிலேற்றிய அன்றே அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார், தனக்கு எது நடந்தாலும் அவளைக் கூப்பிடக் கூடாது என்று. அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன்.

இல்லத் திருநாளுக்குப் பன் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்கவும். எங்கள் தெருவில் சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பலகாரம் செய்வதில்லை. கேக்கும் பன்னும் அதில் சேர்த்திதான். பண்டிகை வந்தால் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கொடுப்பார்கள், அதைச் சாப்பிடுவோம். வேதக்காரர்கள், இந்துக்கள் எல்லாருக்கும் இதே வழக்கம். ஓவனைப் பக்கத்து வீட்டு மங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

தங்கள் செபத்தில் அம்மாவை நினைத்துக்கொள்ளவும்.

பணிவுடன்
ரோசி


சிறுமலை அடிவாரம்
3 செப்டம்பர் 2024

அன்பு மகள் ரோசிக்கு,

இறைவன் உனக்கு ஆறுதல் தருவாராக. உன் தாயாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். பெயர் சொல்லவில்லை. ஜூடியும் அதில் இருந்தாள்.

உன் கோரிக்கை எனக்குச் சம்மதமில்லை. அடக்கத்துக்குப் போய்வர எங்கள் விதியில் இடம் இருக்கிறது, பதினைந்து நாள்வரை அனுமதி உண்டு. ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் அன்று மாலையே ரயிலேற்றியிருப்பேன். உனக்கு அது தெரிந்திருக்காது.

குடும்பத்தின் விருப்பத்தை மீறி நானாக அவளிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்னைக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். சீக்கிரம் நீயே எழுதிவிடு. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

கிறிஸ்துவில்
பெனிட்டா


ராயபுரம்
15 செப்டம்பர் 2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாயா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆகஸ்டில் எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

மாதா திருநாளுக்கு மங்கையின் மகள் ரேகாவுக்கு ஒரு கவுன் தைத்தேன். மஞ்சள் பாப்ளின். மார்பில் சுருக்கு வைத்து அதன்மேல் தேன்கூடு தையல். ஒவ்வொரு சுருக்கையும் ஊசியால் எண்ணி எடுத்துக் கட்ட வேண்டும், ஒன்று தவறினால் அந்த வரிசை முழுக்கக் கோணும். நான்கு நாள் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு நாளும் வேறு நினைப்பே வரவில்லை. கடைசி முடிச்சு போட்டு இழுவை நூலை உருவியதும் துணி மூச்சுவிடுவதுபோல் விரிந்தது. ரேகா அதைப் போட்டுக்கொண்டு வண்ணாரப்பேட்டை வரை நடந்து காட்டிவிட்டு வந்தாள்.

காஜாவை இப்போது நானே எடுக்கிறேன். சரியாக வருவதில்லை. பிரித்துப் பிரித்து எடுக்கிறேன்.

தீபாவளித் துணிகள் வரத் தொடங்கிவிட்டன. அடுப்பருகே நின்று கையைச் சுட்டுக்கொள்ளாதே.

அன்புடன்
ரோசி


சிறுமலை அடிவாரம்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே விடாத மழை. நான் சுகம். நீயும் அம்மாவும் எப்படி?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தேன்கூடு தையலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கீழே சிலுவையும் இல்லை. ரெண்டு பேருக்கும் சண்டையா? காஜா எடுக்க மாட்டேன் என்று கோபித்துக்கொண்டாளா? அவள் கோபம் மூன்று நாள்தான், நீதான் இழுப்பாய்.

ஓவன் பேச்சே இல்லையே, ஏன்? மழையில் மாவு மந்தமாகும், முன்னிரவே புளிக்க வை என்று அம்மா சொல்வாளே, அப்படிச் செய்கிறாயா? எனக்கு அந்தப் பேச்செல்லாம் வேண்டும் அக்கா. அதைப் படித்தால்தான் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

உன்
ஜூடி


ராயபுரம்
8 டிசம்பர் 2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாள் ஆயிற்று. பதில் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. புயலில் தெருவெல்லாம் தண்ணீர். மெஷினைக் கட்டில்மேல் ஏற்றி வைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

சண்டை ஒன்றுமில்லை. போன கடிதத்தை மங்கை வீட்டில் உட்கார்ந்து எழுதினேன், அதனால்தான் சிலுவை விட்டுப்போயிற்று. இதையும் அங்கேதான் எழுதுகிறேன். ஓவன் இப்போது அவள் வீட்டில் இருக்கிறது. நம் வீட்டுத் தரையில் ஈரம்.

பார்சலில் எட்டுப் பேருக்கும் பருத்தி உள்பாவாடை. நாடா நுழைக்கிற இடத்தில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன், கிழியாது. ஒரு கேக்கும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலையில் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பாலன் பிறப்பு உனக்குச் சமாதானம் தரட்டும்.

அன்புடன்
ரோசி


சிறுமலை அடிவாரம்
23 பிப்ரவரி 2025

அக்கா,

நீ சுகமா என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். சுகமா?

ஜனவரியில் கடிதம் எழுத முறை வந்தது. தாளை எடுத்து வைத்துவிட்டு எழுதாமல் எழுந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கேக்கை நான்தான் வெட்டினேன். உள்ளே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. நம் வீட்டுக் கேக்கில் அம்மா அதை ஒருநாளும் போட விட்டதில்லை. திராட்சையை அக்டோபரிலேயே ஊறவைத்து, சர்க்கரையைக் கருக்கி ஊற்றினால் கேக் அதன் நிறத்தில் இருக்கும், சாயம் எதற்கு என்பாள். கலர் இல்லாவிட்டால் அது கேக்கா களிமண்ணா என்று மங்கை அவளோடு வாயாடியது எனக்கு நினைவிருக்கிறது. இது மங்கையின் கேக்.

உனக்குக் காய்ச்சல், அதனால் அவள் செய்தாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் காய்ச்சலிலும் மாவு நீ கலக்கியிருப்பாய். வீட்டில் ஓவன் இல்லாவிட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போயிருப்பாய், டிசம்பரில் நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள். மாவே நம்முடையதாக இல்லை. நம் வீட்டுக்கு வெளியிலிருந்து கேக் வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்குத்தான். அது அப்பா இறந்த வருஷம்.

மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். நானும் என் துண்டைச் சாப்பிட்டு முடித்தேன்.

மதரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றுகிறது. நீ சொல்ல வேண்டும். என்றைக்கு? என்ன உடுத்தி அனுப்பினாய்? அம்மா என்னைக் கேட்டாளா?

வார்த்தைப்பாட்டுக்குச் சாம்பல் நிறத் துணி தபாலில் வரும். ஆறு ரவிக்கை தைக்க வேண்டுமாம். அளவுத் தாள் உள்ளே இருக்கிறது.

ஜூடி


ராயபுரம்
16 மார்ச் 2025

அன்புத் தங்கை ஜூடிக்கு,

இடுப்பு அளவு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. தோளும் குறைந்திருக்கிறது. நீ சாப்பிடுவதில்லை. உன் சுகம் எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

ஆகஸ்டு பதினேழு, சனிக்கிழமை விடியற்காலை. மார்வலி. அதற்கு நான்கு நாள் முன்பு காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது ஊசியைக் கீழே போட்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், மங்கையும் நானும்.

உடுத்தியதைக் கேட்டாய். சந்தன நிறத்தில் ஜரிகை இல்லாத புடவை, உன்னை வழியனுப்ப வந்தபோது கட்டியிருந்தாளே, அதேதான். ரவிக்கை புதிது. சனிக்கிழமை மதியம் நான் தைத்தேன். அளவு எடுக்கத் தேவைப்படவில்லை. பின்பக்கத்தைத் திறப்பாக விட்டு நாடா வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் போட முடியாது. அதுவரை எனக்கு அது தெரியாது, கோயில் தெரு ராஜாத்தி அக்காதான் சொன்னாள். நன்றாகத் தைத்தேன் ஜூடி. உள்பக்கம் யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஓரமெல்லாம் மடித்துத் தைத்தேன். அதைத் தைக்கும்போது மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

உன்னை ரயிலேற்றிய அன்று அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள், எனக்கு எது நடந்தாலும் அவளைக் கூப்பிடாதே என்று. மதருக்கு அதைத்தான் எழுதினேன். அது உண்மை. ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதவில்லை.

இரண்டாம் நாள் கண் திறந்து, "சின்னவ வந்துகினு கீறாளா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். சாயங்காலம் மறுபடி கேட்டாள். மங்கை என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போய்ச் சண்டை போட்டாள். "சத்தியம் வாங்குனது நல்லா கீற அம்மா. இப்ப கேக்கறது சாவப் போற அம்மா. நீ எந்த அம்மா பேச்ச கேப்ப? போனப் போடுக்கா." நான் போன் போடவில்லை. நீ வந்தால் திரும்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா தெளிவாக இருந்தபோது சொன்னதுதான் அவள் பேச்சு என்று வைத்துக்கொண்டேன். கடைசி நாள் அவள் கேட்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பதினைந்து நாள் அனுமதி உண்டு என்று மதர் பிறகு எழுதினார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

டிசம்பரில் மாவு கலக்கக் கிண்ணத்தை எடுத்தேன். அம்மாவுக்கு நான் மதித்துச் செய்ய மிஞ்சியிருந்தது அந்தத் துக்க வருஷம் ஒன்றுதான். அதனால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு மங்கையைச் செய்யச் சொன்னேன். கேக்கே இல்லாமல் பார்சலைக் கட்டவும் மனம் வரவில்லை.

சாப்பிடு. ரவிக்கையைப் பழைய அளவுக்குத்தான் வெட்டப் போகிறேன்.

ரோசி


சிறுமலை அடிவாரம்
27 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய்.

உன் கடிதம் தபசுக் காலத்தில் வந்தது. உயிர்ப்பு ஞாயிறு முடியட்டும் என்று காத்திருந்தேன். பெரிய வெள்ளிக்கு இங்கே எல்லாருக்கும் பன் போட்டேன். என் வீடும் துக்க வீடுதான், ஆகஸ்டிலிருந்து நான் அடுப்பைத் தொட்டிருக்கக் கூடாது என்று மாவு உப்பும்போதுதான் உறைத்தது. கிறிஸ்துமஸ் வரை பாட்டுப் பாடிக்கொண்டு பன் சுட்டிருக்கிறேன். நீ துக்கம் காத்தாய். என்னைக் காக்க விடவில்லை.

மதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தனக்கு முன்பே தெரியும் என்றார், மன்னிப்பும் கேட்டார். அவர்மேல் கோபமில்லை. உன்மேல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் அந்த நான்கு நாளும் நீ எப்படி இருந்திருப்பாய் என்று நினைத்தால் கோபம் நிற்க மாட்டேனென்கிறது.

வார்த்தைப்பாட்டு அன்று பீடத்தின் முன் ஆயர் கேட்பார், சுய விருப்பத்தோடு வந்தாயா என்று. இந்த வருஷம் நான் இங்கே இருந்தது அம்மா வாங்கிய சத்தியத்தாலும் நீ போடாத போனாலும். என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வராது.

மே பத்தாம் தேதி காலை எழும்பூர் வருகிறேன். ஆண்டு நினைவு வரை வீட்டில் இருப்பேன். அதற்குப் பிறகு திரும்ப நினைத்தால் சேர்ப்பார்களா என்று மதருக்கே தெரியவில்லை. கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இது உனக்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதே.

ஜூடி


ராயபுரம்
3 மே 2025

அன்புத் தங்கை ஜூடிக்கு,

நீ கிளம்புவதற்குள் இது வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தோஷம். பத்தாம் தேதியிலிருந்து வீட்டில் இன்னொருவர் குரல் கேட்கும் என்று சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. எதைக் காப்பாற்ற அவளைக் கதவைப் பார்த்துக்கொண்டு சாகவிட்டேனோ அதுவும் போயிற்று. அதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. இதை நீ வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். உன் எதிரில் எனக்கு வாய் வராது.

எழும்பூருக்கு நான் வருகிறேன். மங்கையும் வருவாள். உன்னிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அழுகிற முகத்தோடு வந்தால் ரயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாளாம்.

ஆறு ரவிக்கையும் தைத்தாயிற்று. அக்குளில் பிரித்துவிடத் துணி விட்டிருக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். கொக்கி மட்டும் வைக்கவில்லை. வைப்பதா, பிரித்துத் துணியைத் திருப்பி அனுப்புவதா, ஆகஸ்டு முடியட்டும் என்று அப்படியே விட்டுவிடுவதா என்று நீ வந்து சொல். இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

ரோசி